மண்டபத்துச் சாவி

போன வருஷம் நாங்கள் போட்ட நாட்டிய நாடகத்தின் கணக்கு இது. மண்டப வாடகை 450 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். ஒலிபெருக்கி, விளக்கு 700. சாமான் ஏற்றிய லோரிக்கு 180. பிள்ளைகளுக்கும் மேளக்காரர்களுக்கும் சாப்பாடு 360. ஆக மொத்தம் 1,690. வரவுப் பக்கத்தில், வாசலில் வைத்த அன்பளிப்புப் பெட்டியில் விழுந்தது 612, இரும்புக்கடைக்காரரும் பூக்கடை அக்காவும் கொடுத்தது 500. மீதி 578 வெள்ளியைச் செயலவையினர் ஆறு பேர் பங்குபோட்டுக் கட்டினோம். மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம் 200 இந்தக் கணக்கில் இல்லை. அது திரும்பி வர நாலு மாதம் ஆனது. மானியம் என்று எழுதிய இடத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்திருக்கிறேன்.

ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகிற வழியில் இருக்கிறது. ஒருகாலத்தில் சுற்றிலும் கித்தா (ரப்பர்) காடு, இப்போது பெரும்பாலும் செம்பனை. கடைத்தெரு, ரயில் நிலையம், தமிழ்ப்பள்ளிகள், கோயில்கள், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான்கள். இங்கே கலை நிகழ்ச்சி நடத்துகிற யாரைக் கேட்டாலும் "பணம் இல்லை" என்பார்கள். பொருளாளராக இருக்கிற எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. நாட்டில் கலைக்கென்று பணம் இருக்கிறது. அதை வாங்குகிற வழியும், நிகழ்ச்சி நடத்துகிற இடமும், அதற்கான அனுமதியும் மூன்று வெவ்வேறு வாசல்களில் கிடக்கின்றன. மூன்றும் ஒரே தேதியில் கையில் சேர்வதுதான் நடப்பதில்லை.

தோட்டத்தில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. கோயில் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கிராணி (தோட்டத்து எழுத்தர்) செக்ரோல் என்ற சம்பளப் பேரேட்டில் எழுதிக் கழித்துவிடுவார், ஆளுக்கு மாதம் சில்லறைக் காசுதான். வருஷத்துக்கு ஒருமுறை திருவிழா வரும்போது அந்தக் காசு சாமிக்கு மட்டும் போகாது. மேளம், கூத்து, நாடகம், வெளித் தோட்டத்திலிருந்து வரும் ஆட்டக்காரர்களின் சாப்பாடு என்று எல்லாம் அதில்தான். காமன் கூத்து ஆடினார்கள். நல்லதங்காள், அரிச்சந்திரன் போட்டார்கள். கோயில் திடலில் மேடை. ஆட்களை ஏற்றி இறக்கத் தோட்டத்து லோரி. துரை சரி என்றால் மறுநாள் வேலை கொஞ்சம் பிந்தித் தொடங்கும். எங்கள் குழுவில் தவில் வாசிக்கிற மாமா ஒருவர், செயலவைக் கூட்டத்தில் நான் மானிய பாரத்தை (விண்ணப்பப் படிவத்தை) விரித்து வைத்தால் சிரிப்பார். "அப்போல்லாம் கிராணி காசு பிடிச்சிருவாரு தம்பி, நாம ஆடினா போதும்."

இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சந்தா கொடுக்க விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. துரைக்குப் பிடிக்காத வசனம் மேடை ஏறாது. சாதி பார்த்துத்தான் யார் எந்த வாத்தியம் வாசிப்பது என்பதும் இருந்தது. அதிலும் எங்கள் வட்டாரத்துக்குத் தனிக் கதை. 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டிக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் நாலு பேர் கூடுவதே சந்தேகத்துக்குரிய காரியம். கூட்டம் சேர்ந்தால் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற பழக்கம் இன்றும் பெரியவர்களிடம் இருப்பதை நான் பார்க்கிறேன்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. சிறு காசு, நிறையப் பேர், தவறாமல் மாதாமாதம். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது கையில் எடுத்ததும் இதைத்தான். தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய், ஆட்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த நேரம் அது. தொழிலாளர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, மறு வருஷம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர், எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். நிலத்துக்குச் செய்ததைக் கலைக்கும் யாராவது அப்போதே செய்திருக்கலாமே என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு. செய்யவில்லை. தோட்டம் கலைந்தபோது கோயிலைக்கூடச் சில இடங்களில் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். திடலைப் பெயர்க்க முடியவில்லை, செக்ரோலும் போய்விட்டது.

சரி, இப்போது பணம் எங்கே இருக்கிறது? அதற்கு மட்டுமே மூன்று வாசல்கள்.

முதல் வாசல் அரசாங்கம். சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின்கீழ் தேசியக் கலை பண்பாட்டுத் துறை இருக்கிறது, மாநிலந்தோறும் அலுவலகம் உண்டு. பிரிட்டனில் 1946 முதலும் சிங்கப்பூரில் 1991 முதலும் கலைக்கென்று தனி மன்றம் இயங்குகிறது. நம் நாட்டில் பெரும்பகுதி வேலையை அமைச்சின் துறையே நேரடியாகப் பார்க்கிறது. 2017-இல் சென்டானா என்ற கலை வளர்ச்சி அமைப்பு வந்தது. சுயேச்சைக் கலைஞர்களும் சிறு குழுக்களும் நேரே விண்ணப்பிக்கலாம் என்பது உண்மையிலேயே புதுசு. தொடக்கத்தில் அதன் கண் கோலாலம்பூர்ப் பக்கமே அதிகம் இருந்தது. இந்தியர்களின் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்கென்று மித்ரா என்ற அரசு அமைப்பு இருக்கிறது. அதற்கு ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்கீடு என்று பத்திரிகையில் படித்ததும் எங்கள் குழுவில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பணம் கல்விக்கும் தொழில் பயிற்சிக்கும் வாழ்வாதாரத்துக்கும் உரியது. நாட்டியத்தை அதில் நுழைக்க வேண்டுமென்றால் "இளையோர் திறன் மேம்பாடு" என்று பெயர் மாற்றி எழுத வேண்டும். அப்படி எழுதிக்கொண்டே போனால் ஒருநாள் நாம் என்ன செய்கிறோம் என்பது நமக்கே மறந்துபோகும்.

இரண்டாவது வாசல் கம்பெனிகள். வருமான வரிச் சட்டம் 1967-இல் இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன, தோட்டப்புறக் குழுக்களில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. ஒன்று, 44(6)-ஆம் பிரிவு. அதில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கிற நன்கொடையைக் கம்பெனி தன் வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். இன்னொன்று, அமைச்சு ஒப்புதல் அளித்த கலை, பண்பாட்டு, மரபு நிகழ்ச்சிக்குச் செய்கிற செலவு. 2020 வரவுசெலவுத் திட்டத்தில் அந்த வரம்பை ஆண்டுக்கு 700,000 வெள்ளியிலிருந்து 1 மில்லியனாக உயர்த்தினார்கள். ஒரு மில்லியன்! எங்களுக்குத் தேவை 1,690.

சின்னத் தொகை என்பதுதான் இங்கே சிக்கலே. கம்பெனிக்கு வரி விலக்கு வேண்டுமென்றால் எங்களுக்கு அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் கேட்க வேண்டுமென்றால் சங்கச் சட்டம் 1966-இன்கீழ் ஒழுங்காகப் பதிவு, ஆண்டுக்கூட்ட அறிக்கை, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, தணிக்கை செய்த வரவு செலவு எல்லாம் வேண்டும். ஒரு கணக்காய்வாளருக்குக் கொடுக்கிற கட்டணத்தில் நாங்கள் இன்னொரு நிகழ்ச்சியே நடத்திவிடலாம். தலைநகரில் அரங்கம் வைத்திருக்கிற பெரிய அமைப்புகளுக்கு இதற்கென்றே சம்பள ஆள் உண்டு. இங்கே பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் பிள்ளைகளுக்கு ஜதி சொல்லிக் கொடுத்துவிட்டு, பதினொரு மணிக்கு மேல்தான் பாரம் நிரப்ப உட்காருகிறோம். மலாயிலோ ஆங்கிலத்திலோ "இந்நிகழ்ச்சியின் தாக்கத்தை எவ்வாறு அளவிடுவீர்கள்" என்று ஒரு கேள்வி. போன வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மூன்றாவது வாசல்தான் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது, நாடாளுமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு. 1974 முதல் 2008 வரை எங்கள் தொகுதி ச. சாமிவேலுவிடம் இருந்தது. அவர் அமைச்சர், மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் தலைவர். 2008-இல் அவரைத் தோற்கடித்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் எதிர்க்கட்சி. அந்த நாளில் எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கு மத்திய அரசின் தொகுதி ஒதுக்கீடு கிடையாது. அது நியாயமா என்று கேட்டு ஜெயக்குமார் நீதிமன்றத்துக்கே போனார், வழக்கு வெல்லவில்லை. அரசியல் சரி தவறை விடுங்கள். கலைக் குழு ஒன்றின் பார்வையில் இதன் பொருள் என்ன? தொகுதி ஒரு தேர்தலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மேடைக்கு ஒலிபெருக்கி கிடைக்கும், இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்காது. பரதம் கற்கிற பத்து வயதுப் பிள்ளைக்கு ஓட்டு இல்லை.

இந்த வழியில் வரும் பணத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. நம் நிகழ்ச்சிகளுக்குப் போனவர்கள் எல்லாரும் பார்த்த காட்சிதான். ஏழு மணி என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். பிரமுகர் எட்டேகாலுக்கு வருவார். அதுவரை பிள்ளைகள் சலங்கை கட்டி, மை தீட்டி, மேடைக்குப் பின்னால் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்பார்கள். பிறகு மாலை, பொன்னாடை, உரை. உரையின் நடுவில் "இந்தக் குழுவுக்கு ஐயாயிரம் வெள்ளி" என்று அறிவிப்பு, கைதட்டல். கதவளவு பெரிய மாதிரிக் காசோலையுடன் படம். எங்களுக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. மேடையில் அறிவித்தவர் யார் என்பது இங்கே வேண்டாம். அந்தப் பணத்துக்காக இரண்டு வருஷம் கடிதம் எழுதினேன். மாதிரிக் காசோலை இன்னும் எங்கள் ஒத்திகை அறையில் இருக்கிறது. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் ஒரு நாடகத்தில் கோட்டைச் சுவர் வரையப் பயன்பட்டது.

இவ்வளவும் பணத்தைப் பற்றி. அனுமதியின் கதை வேறு.

பொது நிகழ்ச்சி நடத்த ஒவ்வொரு மாநிலத்திலும் கேளிக்கைச் சட்டம் இருக்கிறது, உள்ளூர் அதிகாரிகளிடம் உரிமம் வாங்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து ஒரு நட்டுவனாரையோ பறைக் கலைஞரையோ மேடைக்கு அழைத்தால், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தருகிற புஸ்பால் என்ற அரசுக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அப்புறம் கேளிக்கை வரி. 1953-ஆம் ஆண்டுச் சட்டம், வசூல் மாநில அரசுக்குப் போகும், விகிதம் பொதுவாக 25 விழுக்காடு. பத்து வெள்ளி டிக்கெட்டுக்கு இரண்டரை வெள்ளி. அறப்பணிக்கு என்று விண்ணப்பித்தால் விலக்குக் கிடைக்கலாம், அதற்கும் ஒரு பாரம். 2024 வரவுசெலவுத் திட்டத்தில் உள்ளூர்க் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிகளுக்கு இந்த வரியை முழுக்க விலக்கினார்கள், ஆனால் கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களில் மட்டும். மாநிலங்களின் வரி மாநிலங்களின் கையில். ஆக, உதவி அதிகம் கிடைக்கிற தலைநகரத்துக்கே வரிச் சலுகையும் முதலில் போய்ச் சேர்ந்தது. எங்களைப் போன்ற குழுக்கள் டிக்கெட்டே போடாமல் வாசலில் பெட்டி வைப்பதற்குப் பெருந்தன்மை மட்டும் காரணமில்லை.

இடத்துக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

"அனைவரும் வருக, அனுமதி இலவசம்" என்று அச்சடித்துவிட்டால் பொதுமக்களுக்குக் கலை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறோம். சுங்கை சிப்புட்டில் இரவு எட்டு மணிக்கு மேல் பஸ்ஸை நம்பித் தோட்டத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். மோட்டார் இருந்தால் இரண்டு பேர் வரலாம், பாட்டி வர முடியாது. கோலாலம்பூரில் இஸ்தானா புடாயா 1999-இலேயே திறந்தாயிற்று, 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறது, செந்தூலில் 2005 முதல் கலை அரங்க மையம் இருக்கிறது. அங்கே நடக்கிற நல்ல காரியங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து நாலு பேர் குடும்பம் ரயிலேறிப் போய்ப் பார்த்துச் சாப்பிட்டுத் திரும்புகிற செலவில், இங்கே ஒரு மண்டபத்துக்கு வாடகையே கட்டிவிடலாம்.

அந்த மண்டபம் இல்லாமல் இல்லை. திருமண மண்டபம், பொது மண்டபம், பள்ளி மண்டபம், கோயில் மண்டபம் என்று எண்ணினால் இரண்டு கை விரல் போதாது. வார நாளில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி. ஒரு முறை எல்லாம் எழுதி, பணமும் கட்டி, இறுதி ஒத்திகைக்குப் பதினான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். சாவி வைத்திருந்தவர் உறவினர் வீட்டு விருந்துக்குப் போய்விட்டார். கைப்பேசி எடுக்கவில்லை. படிக்கட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். பெரிய பிள்ளைகள் சமாளித்தார்கள். குட்டிகள் படியில் ஏறி இறங்கி ஆடி, மறுநாள் மேடையிலும் இல்லாத படியைத் தேடினார்கள்.

எங்கள் தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றான மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். பள்ளி என்று வைக்காமல் கலாசாலை என்று பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பெரிதாகக் கனவு கண்டவர்கள்தான். நாட்டில் ஐந்நூற்றுச் சொச்சம் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, பலவும் தோட்டப்புறத்திலும் அதையொட்டிய ஊர்களிலும். வாரத்தில் இரண்டு மாலை அந்த வளாகங்களை வட்டாரக் கலைக் குழுக்களுக்குத் திறந்துவிட ஒரு பொது நடைமுறை வந்தால், எந்த மானியத்தையும்விட அது பெரிது. இப்போது ஒவ்வொரு முறையும் தலைமையாசிரியர், பள்ளி வாரியம், கல்வி அலுவலகம் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. தலைமையாசிரியர் மாறினால் முதலிலிருந்து.

உரிமைக்குரல் எழுப்புகிறவர்கள் நம்மிடம் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் நம் குரல் பெரும்பாலும் அங்கீகாரத்தைச் சுற்றியே இருந்திருக்கிறது. 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டிலிருந்து தேசியப் பண்பாட்டுக் கொள்கை பிறந்தது. இவ்வட்டாரப் பூர்வீக மக்களின் பண்பாடே அடிப்படை, பிறவற்றில் பொருந்துவதை ஏற்கலாம், இஸ்லாம் முக்கிய அங்கம் என்பது அதன் சாரம். "பொருந்துவது" எது, யார் முடிவு செய்வது என்று நம்மவர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. 1981 முதல் கொடுக்கிற சாஸ்தெராவான் நெகாரா (தேசிய இலக்கியவாதி) விருது மலாய் எழுத்துக்கு மட்டுமே என்பதைப் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. அதுவும் பேசப்பட வேண்டியதுதான். என் வருத்தம் என்னவென்றால், விருதுக்காகப் போராட மேடை கிடைக்கிறது, சாவிக்காகப் போராட யாரும் மேடை போடுவதில்லை. மண்டப வாடகையில் லாப நோக்கில்லாத குழுவுக்குப் பாதிக் கழிவு, உள்ளூர் நிகழ்ச்சிக்கு ஒரே பக்க உரிம பாரம், மாநிலத்தின் கேளிக்கை வரியில் சிறு நிகழ்ச்சிகளுக்கு விலக்கு. இவற்றுக்குக் கொள்கை மாநாடு வேண்டாம். ஊராட்சி மன்றக் கூட்டத்திலும் மாநிலச் சட்டமன்றத்திலும் முடிகிற காரியங்கள்.

கேட்பவர்கள் யார் என்பதும் ஒரு விஷயம். எங்கள் ஊரில் எந்த மானியமும் இல்லாமல் செழித்து ஓடுகிற கலை ஒன்று உண்டென்றால் அது உருமி மேளம். தைப்பூசம், தீமிதி, கல்யாணம், இழவு என்று பையன்களுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. கோயில்காரர்கள் கூலி கொடுக்கிறார்கள். தெருவே அரங்கம், டிக்கெட் இல்லை, மலாய்க்காரரும் சீனரும் கடை வாசலில் நின்று பார்க்கிறார்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த முனகலை வரவழைக்க ஒரு பையனுக்கு எத்தனை மாதப் பயிற்சி என்று தவில் மாமாவைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். ஆனால் கலைக் குழுக்களைக் கணக்கெடுக்கும்போது இந்தப் பையன்களை யாரும் சேர்ப்பதில்லை. சத்தம், போக்குவரத்து, அடிதடி என்ற பேச்சில்தான் அவர்கள் பெயர் அடிபடுகிறது. நாங்களும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தோம். நாட்டியம் கலை, உருமி திருவிழாச் சத்தம் என்று. போன நிகழ்ச்சியில் அவர்களில் நாலு பேரை மேடையேற்றினோம். அன்பளிப்புப் பெட்டியில் விழுந்த 612 வெள்ளியில் பெரும்பகுதி அவர்கள் வாசித்து முடித்த பிறகு விழுந்தது.

இந்த வருஷம் நாங்கள் எந்த பாரமும் போடாமல் இல்லை. இரண்டு போட்டிருக்கிறோம், ஒன்றுக்குப் பதில் வந்திருக்கிறது, கூடுதல் ஆவணம் கேட்டு. கூடவே பழைய வழியையும் தூசு தட்டி எடுத்தோம். மாதம் பத்து வெள்ளிச் சந்தா. கிராணி இல்லாததால் நானே மோட்டாரில் போய் வாங்குகிறேன். சிலர் கைப்பேசியில் அனுப்பிவிடுகிறார்கள். பூக்கடை அக்கா ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டார். ரசீதைக் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார், வருகிறவர்கள் கேட்கட்டும் என்று. புத்தகத்தில் இப்போது 43 பெயர் இருக்கிறது. அதில் 9 பேர் இரண்டு மாதப் பாக்கி, ஒருவர் செயலவை உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும்.